தறியும் ஒற்றை எஞ்சின் விமானமும்

(உத்திரமேரூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நெசவாளர் கூடியிருக்கும் சபையில் ஆகாய விமானத்தைப் பற்றிப் பிரசங்கமா என்று சிலருடைய முகத்தில் வியப்புத் தோன்றுகிறது. இரண்டொருவர் முகத்தில் நகைப்பும் தோன்றுகிறது. அவர்களை நாம் குறை கூறோம். சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் இவ்விஷயம் வேறொரு வடிவில் வந்தபொழுது நாமும் அவ்வாறே நகைத்தோம். அந்நகைப்புக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம். முதலில் விஷயத்தைச் செவிசாய்த்துக் கேட்டருள வேண்டுகிறோம்.

இக்காலத்தில் நம் ஜில்லாவில் விமானம் என்ற பேச்சை எடுத்தாலே பரந்தூர் நினைவுக்கு வருகிறது. 2022-ஆம் ஆண்டில் அங்கே பெரிய விமான நிலையம் அமையும் என்ற அறிவிப்பு வந்தது முதல், ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் தங்கள் நிலமும் நீர்நிலையும் போய்விடுமே என்று போராடத் தலைப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நம் உறவினரிலும் இரு கட்சியாரும் உளர். அவ்வழக்கை இன்று நாம் தொடப்போவதில்லை. நாம் பேச எடுத்துக்கொண்டது நூற்றுக்கணக்கானவரைச் சுமந்து செல்லும் பெரிய விமானமன்று. இருவர் மாத்திரம் அமரக்கூடிய, மூக்கில் ஒரே ஓர் எஞ்சினையுடைய, ஓட்டக் கற்பவனுக்கென்று செய்யப்பட்ட சிறிய விமானம் அது. பெங்களூரில் அது புதிதாகச் செய்யப்பட்ட வரலாற்றையும், அதற்கும் நம் தொழிலுக்கும் உள்ள உறவையும் சொல்லுவதே நம் நோக்கம்.

அவ்விமானத்தின் பெயர் ஹன்ஸா. ஹம்ஸம் என்றாலும் அன்னம் என்றாலும் ஒன்றே. காஞ்சிப் பட்டின் கரையில் நம் முன்னோர் எத்தனை அன்னப்பட்சிகளை நெய்திருப்பார்கள்! பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. அதனை வைத்து உறவு கொண்டாட நாம் இங்கு வரவில்லை. உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. அது துணியில் இருக்கிறது.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ஆம் தேதி அமெரிக்காவில் ரைட் சகோதரர் முதன்முதலாக எஞ்சின் பூட்டிய விமானத்தில் பறந்தனர். முதற் பறப்பு 12 விநாடி. சென்ற தூரம் 120 அடி. நம்மூர்த் தெருக்களில் பாவு நீட்டும் தூரத்தைவிடச் சிறிதே மிகுதி. அந்த விமானத்தின் சிறகு எதனால் ஆனது? மரச்சட்டமும், அதன்மேல் இழுத்துத் தைத்த பருத்தி மஸ்லின் துணியுமே. சகோதரர் இருவரும் சைக்கிள் பழுது பார்க்கும் தொழிலாளர். மூத்தவராகிய வில்பர் தம் கையாலேயே தையல் யந்திரத்தில் சிறகுத் துணியைத் தைத்தவர். அவர்கள் செய்த ஒரு காரியத்தை நெசவாளராகிய நாம் கேட்டவுடன் புரிந்துகொள்வோம். மற்றவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். துணியை நேராக வைத்துத் தைக்காமல், பாவும் ஊடையும் சட்டத்துக்குக் குறுக்குவாட்டில் சாய்ந்து நிற்கும்படி வைத்துத் தைத்தார்கள். ஏன்? ஒரு வேஷ்டியைப் பாவின் போக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. ஊடையின் போக்கிலும் அசையாது. மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் நெகிழ்ந்து கோணும். இழைகளைச் சாய்த்து வைத்துவிட்டால், சட்டம் கோணிப்போக முயலும்போது இழைகளே அதனைப் பிடித்து நிறுத்தும். தனியே கட்டைகளும் கம்பிகளும் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைத் துணி செய்துவிடுகிறது.

அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள்வரை விமானச் சிறகுகளிற் பெரும்பாலானவை துணிச் சிறகுகளே. லினன் என்னும் ஆளிநார்த் துணியைச் சட்டத்தின்மேல் போர்த்தி, அதன்மேல் ஒருவகைப் பசைநீரைப் பல கோட் பூசுவார்கள். காய்ந்தால் துணி இறுகி மத்தளத் தோல்போல் ஒலிக்கும். காற்றும் நீரும் புகா. நாம் பாவுக்குக் கஞ்சி போடுவது எதற்கோ ஏறக்குறைய அதற்கேதான். அதனைக் கண்டுபிடித்தவர் நம் தெருவுக்கு வந்ததில்லை. ஆனால் இழையோடு பழகியவன் எந்தத் தேசத்தானாயினும் ஒரே யுக்திக்கு வந்து சேர்கிறான்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர், பிரெஞ்சுக்காரராகிய பிளேரியோ 1909-இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் தூண்டப்பட்டு, சென்னைச் சிம்சன் கம்பெனியின் உதவியுடன் தாமே ஒரு விமானத்தைச் செய்வித்தார். 1910-ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் அதனைச் சோதித்தார். பின்னர்ச் சென்னையில் பொதுமக்கள் காணவும் பறந்து காட்டினார். ரைட் சகோதரர் பறந்து ஏழாண்டு நிறையுமுன் நம் செங்கற்பட்டுச் சாலையோரத்தில் ஒரு பலகாரக் கலைஞர் விமானம் விட்டார் என்பது நினைக்க இனிய செய்தி. அதற்குப்பின் அம்முயற்சி தொடரவில்லை. சாமர்த்தியம் ஒரு மனிதரோடு பிறந்து அவரோடு முடிந்துவிடுவது நம் நாட்டில் புதிதன்று. எத்தனை கோர்வை வித்தைகள் ஒரே தறிக்காரரோடு போய்விட்டன!

நம் நாட்டில் வரைந்து, நம் நாட்டிலேயே செய்து, பெருந்தொகையாக வெளிவந்த முதல் விமானம் ஹெச்.டி.-2 என்பது. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் டாக்டர் விஷ்ணு மாதவ் காட்கே என்பவர் தலைமையில் அது வரையப்பட்டது. 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி முதன்முதல் பறந்தது. அதுவும் பயிற்சிக்கான இருவர் விமானமே, எஞ்சின் ஒன்றே. உடல் முழுதும் உலோகம். நம் விமானப்படையினரில் ஒரு தலைமுறையினர் முதற்பாடம் கற்றது அதில்தான். 1958-இல் அதே தொழிற்சாலையார் புஷ்பக் என்னும் இலேசான விமானத்தைப் பறக்கவிட்டனர். அதன் சிறகுக்கு மீண்டும் துணிப்போர்வை. பறக்கும் கழகங்கள் பல நெடுங்காலம் அதனை வைத்து இளைஞர்களைப் பயிற்றுவித்தன. அதன்பின் பயிற்சி விமானங்களுக்காக நம் கழகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவையே நாடலாயின.

ஹன்ஸாவின் கதை இங்கே தொடங்குகிறது. 1959-இல் நிறுவப்பட்டுப் பெங்களூரில் இயங்கி வரும் தேசிய விமான ஆராய்ச்சிசாலையார், உலோகத்தையும் மரத்தையும் விட்டு, முழுவதும் கண்ணாடி இழைத் துணியும் பிசினும் கொண்டு ஒரு விமானத்தைச் செய்யத் துணிந்தனர். 1993-இல் அதன் ஆரம்ப உருவம் ஒன்று பறந்தது. பல திருத்தங்களுக்குப் பிறகு ஹன்ஸா-3 என்னும் உருவத்துக்கு 2000-ஆம் ஆண்டில் சிவில் விமானத் துறையின் அங்கீகாரம் கிடைத்தது. சிறகின் முழுநீளம் ஏறக்குறைய பத்தரை மீட்டர். இருவரையும் பெட்ரோலையும் சுமந்து எழும்பும்போது எடை 750 கிலோ. நம் வீட்டுக் கலியாணத்துக்கு வரும் மோட்டார் கார்கள் பல இதனினும் கனமானவை.

கண்ணாடி இழைத் துணி என்றோம். அது உவமையன்று, உண்மையாகவே துணிதான். உருக்கிய கண்ணாடியை மயிரிழையினும் மெல்லியதாக இழுத்து, அவ்விழைகளைச் சேர்த்து நூலாக்கி, தறியில் பாவும் ஊடையுமாக நெய்கிறார்கள். வெண்மையாய், வழுவழுப்பாய், பட்டுப்போல் மின்னும். கத்தரித்தால் ஓரம் பிரியும். அதற்கும் நாம் அறிந்த அதே எச்சரிக்கைகள் வேண்டும். சிறகின் வடிவில் குடைந்த அச்சுக்குள் இத்துணியை விரித்துப் பிசினில் நனைத்து, அதன்மேல் இன்னொரு துணி, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்குவர். எல்லாத் துணியையும் ஒரே போக்கில் விரிக்கமாட்டார்கள். ஒன்று நேர், அடுத்தது சாய்வு. எத்திசையில் சுமை அதிகமோ அத்திசையில் இழைகள் அதிகம். எவ்விடத்தில் முறுக்கு விழுமோ அவ்விடத்தில் சாய்வுத் துணி. ரைட் சகோதரர் மஸ்லினில் கண்ட யுக்தி நூறாண்டுக்குப் பின்னும் போகவில்லை. அது பெருகி ஒரு சாஸ்திரமாகிவிட்டது.

இப்படி அடுக்கியதன்மேல் உறைபோல் ஒரு தாளைப் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவார்கள். வெளிக்காற்றின் அழுத்தமே துணியை அமுக்கிப் பிசினை எங்கும் பரவச் செய்யும். ஒரு சிறு காற்றுக்குமிழ் உள்ளே தங்கிவிட்டாலும் அவ்விடம் பலவீனப்படும். அதனைக் கண்டறிய நுண்ணிய கருவிகள் உண்டு. அவையன்றி, நாணயத்தால் தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்கும் பழைய வழக்கமும் உண்டு. நல்ல இடம் கணீரென்னும். குமிழுள்ள இடம் மொத்தென்னும். மண்பானையைத் தட்டி வாங்கும் நம் தாய்மார்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. இத்தகைய விமானங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை வர்ணமே பூசுவார்கள். அழகுக்காக அன்று, வெயிலில் சூடேறினால் பிசின் இளகும். கோடையில் நாம் வெள்ளை வேஷ்டி கட்டுவதில் உள்ள புத்தியே அதிலும் உள்ளது.

இவ்வளவு நன்றாகச் செய்த ஹன்ஸா-3 எத்தனை வெளிவந்தது? இங்கே நாம் வெட்கத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது: மொத்தம் இருபதை எட்டவில்லை. ஆராய்ச்சிசாலை ஒரு பொருளைச் செய்து காட்டும் இடம். அதனை ஆயிரமாகப் பெருக்கி, விற்று, பழுது பார்த்து, உதிரிப் பாகம் அனுப்பி, வாங்கியவனைக் கைவிடாமல் காப்பது தொழிற்சாலையின் வேலை. அத்தொழிற்சாலை அன்று வரவில்லை. மாதிரிச் சேலை ஒன்றை அற்புதமாக நெய்து வைத்துவிட்டு, மறு சேலைக்குப் பாவில்லாமல் தறியை மூடிய கதையாக அது முடிந்தது. குறை விமானத்தினுடையதன்று என்பது நம் துணிபு.

ஆயினும் அந்த ஆராய்ச்சிசாலையார் தளர்ந்துவிடவில்லை. பழைய ஹன்ஸாவை எடுத்து, கணினியால் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் புதிய ரோடாக்ஸ் எஞ்சினைப் பூட்டி, முட்கள் சுழலும் பழைய மானிகளை நீக்கி ஒளித்திரைகளை வைத்து, நாற்புறமும் பார்க்கத்தக்க கண்ணாடிக் கவிகையும் அமைத்து, "ஹன்ஸா புதிய தலைமுறை" என்று பெயரிட்டனர். 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி பெங்களூரில் அது முதன்முறையாக எழும்பியது. 4,000 அடி உயரத்தில் 20 நிமிஷம் பறந்து இறங்கியது.

எஞ்சின் ஆஸ்திரியா தேசத்ததாயிற்றே, இதனை எப்படி நம்முடையது என்பது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவரை நாம் ஒன்று கேட்போம். நம் பட்டுச் சேலைக்குப் பட்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து. ஜரிகை? சூரத்திலிருந்து. அப்படியிருந்தும் உலகம் அதனைக் காஞ்சிபுரம் சேலை என்றே அழைக்கிறது. நாமும் அதற்காக நாணுவதில்லை. எஞ்சினையும் நாமே செய்யும் நாள் வரவேண்டும் என்பதில் ஐயமில்லை; அது வரும்வரை சிறகைச் செய்தவனுடைய பெருமையைப் பறிக்கலாகாது.

இனி, அவ்விமானம் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லுவோம். நம் உள்ளத்தைக் கவர்ந்தது இப்பகுதியே.

பறப்பதற்கு முன்பே தரையில் சோதனை தொடங்கிவிடுகிறது. பறக்கும்போது சிறகின்மேல் எவ்வளவு பெருஞ்சுமை விழக்கூடுமோ அதனைப்போல் ஒன்றரை மடங்கைத் தரையில் வைத்தே சிறகு தாங்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. இழையும் பிசினுமாகிய உடலாயின், வெப்பத்தாலும் ஈரத்தாலும் பிசின் தளர்வதைக் கணக்கிட்டு இன்னும் மிகுதியாகத் தாங்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் எழுத்துமூலமான கணக்கு உண்டு. கணக்கு இல்லாத சோதனை நடக்காத சோதனையாகவே கருதப்படும். நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய சாசனங்களில், கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு நிற்கலாகாது; அவனுடைய உறவினரும் நிற்கலாகாது என்று எழுதியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். பெங்களூர்க்காரர் இதனைப் படித்திருப்பரோ அறியோம். மனப்பான்மை ஒன்றே.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே காற்று சற்று மெல்லியது. எஞ்சின் உட்கொள்ளும் காற்றும் குறைவு. சிறகைத் தாங்கும் காற்றும் குறைவு. அங்கே ஒருவிதமாக நடக்கும் விமானம், காற்று அடர்ந்த கடற்கரையில் வேறு விதமாக நடக்கக் கூடும். ஆகையால் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி அதனைப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறக்கவிட்டுக் கொணர்ந்தார்கள். 140 கடல் மைல். மணிக்கு 155 கிலோமீட்டர் வேகம். பிரயாணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நம் ஊருக்குத் தெற்கே சில மணி நேர பஸ் பிரயாணத்தில் உள்ள அப்பட்டினத்தில் மார்ச் 5-ஆம் தேதிவரை அது தங்கி, 18 மணி நேரம் பறந்து சோதிக்கப்பட்டது. எழும்பும் வேகம், இறங்குகையில் தரையைத் தொடாமல் மீண்டும் மேலெழும் திறம், மேலும் கீழும் உலுக்கினால் உடல் தாங்கும் வலிமை ஆகிய எல்லாவற்றையும் அங்கே பார்த்தார்கள். நம்மில் எவருக்கும் அது தெரியாது. பத்திரிகைகளில் ஒரு மூலையில் வந்த செய்தியை நாமும் அன்று படிக்கவில்லை. இப்பிரசங்கத்துக்காகத் தேடியபோதே கண்டோம்.

அடுத்த சோதனையைக் கேட்டபோது நமக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பற்றி எவரும் முதலிற் கேட்கும் கேள்வி, அந்த ஒரு எஞ்சினும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதே. விழுந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. வேடந்தாங்கலுக்குப் போய்க் கூழைக்கடாவைப் பாருங்கள். இறக்கையை ஒருமுறையும் அடிக்காமல், விரித்தது விரித்தபடி எவ்வளவு தூரம் மிதந்து வந்து நீரில் அமர்கிறது! சிறகைத் தாங்குவது எஞ்சின் அன்று. சிறகின்மேல் ஓடும் காற்று. எஞ்சின் நின்றால் ஓட்டுகிறவன் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வான். 1,000 அடி கீழே இறங்குவதற்குள் 8,000 அடி முதல் 10,000 அடிவரை இத்தகைய விமானம் முன்னே மிதந்து செல்லும். உத்திரமேரூருக்கு மேலே 8,000 அடியில் எஞ்சின் நின்றால், காஞ்சிபுரம் போகும் வழியில் பெரும்பகுதியை அது மௌனமாகவே கடந்துவிடும். அதற்குள் இறங்க ஒரு வெளியைத் தேடிக்கொள்ளலாம். அல்லது எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கலாம்.

உயிர்ப்பிக்கலாம் என்று காகிதத்தில் எழுதிவிட்டாற் போதாது. ஒருவர் செய்து காட்ட வேண்டும். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, சித்திரதுர்க்க ஜில்லாவில் சல்லகெரே என்னுமிடத்தில் உள்ள விமானச் சோதனைத் திடலுக்கு மேலே, நம் விமானப்படையின் விங் கமாண்டர் கே. வி. பிரகாஷ், விங் கமாண்டர் என். டி. எஸ். ரெட்டி என்னும் இருவர் அதனைச் செய்தார்கள். 7,000 முதல் 8,000 அடி உயரத்தில், தம்மைச் சுமந்து செல்லும் ஒரே எஞ்சினைத் தம் கையாலேயே நிறுத்தினார்கள். பின்னர் 60 முதல் 70 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 110 முதல் 130 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்துகொண்டே, எதிர்காற்று விசிறியைச் சுழற்றும் வலிமையாலும், தொடக்கும் மோட்டாரின் உதவியாலும் எஞ்சினை மீண்டும் ஓடச் செய்தார்கள். விமானத்தின் நடை சீராகவே இருந்தது என்று எழுதி வைத்தார்கள். நாளை ஓர் இளைஞனோ யுவதியோ தனியே அமர்ந்து ஓட்டும்போது எஞ்சின் அடங்கினால், அவர்கள் கையில் உள்ள புத்தகத்தில் செய்ய வேண்டுவன வரிசையாக அச்சிட்டிருக்கும். அந்த வரிகள் எவ்விதம் எழுதப்பட்டன என்பதற்கு இதுவே விடை.

2025-ஆம் ஆண்டில் இவ்விமானத்தைச் செய்து விற்கும் உரிமை மும்பைத் தனிக் கம்பெனி ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. முன்பு வாராத தொழிற்சாலை இம்முறையேனும் வந்து நிலைக்குமா என்பதைப் பார்க்க வேண்டும். நாம் நம்பிக்கையோடிருக்கிறோம், ஹன்ஸா-3-இன் கதையை மறந்தும் விடவில்லை.

இதனால் நமக்கு ஆவதென்ன? நம் நாட்டில் வியாபார விமானம் ஓட்ட அனுமதிச் சீட்டுப் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதிற் பெரும்பகுதி ஒற்றை எஞ்சின் விமானத்திலேயே. அதற்காக நம் பிள்ளைகள் பலர் அயல்நாட்டுக்குச் சென்று பல இலட்சம் ரூபாய் செலவிடுகின்றனர். இலேசான விமானங்கள் இங்கேயே மலிந்தால் அச்செலவு குறையக்கூடும். எனினும் நம் குடும்பங்களுக்கு அது இன்னும் எட்டாக் கனி என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறோம். விமானம் ஓட்டப் படிக்க வையுங்கள் என்று தறிக்காரத் தகப்பனை ஏவுவது பொறுப்பற்ற பேச்சு.

நாம் சொல்லுவது வேறு. ஓட்டுகிறவன் ஒருவனாயின், அவ்விமானத்தைக் காத்துப் பழுது பார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்திடுகிறவர்கள் பலர் வேண்டும். அக்கையெழுத்து இல்லாமல் எந்த விமானமும் தரையை விட்டு எழும்பாது. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், கணிதம் படித்த பிள்ளைகள் அப்பராமரிப்புப் படிப்பில் சேரலாம். பின்னர்ச் சிவில் விமானத் துறையின் பரீட்சைகளில் தேறி, பணிமனையில் அநுபவமும் பெற்றால் உரிமம் கிடைக்கும். பரீட்சைகள் கடினமானவை, உரிமம் பெறாமலே ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் துணிச் சிறகின் குமிழை ஓசையால் கண்டுபிடிக்கும் வேலைக்கு, அறுந்த ஓரிழையை ஆயிரம் இழைகளுக்கிடையே விரல் நுனியால் கண்டுபிடிக்கும் வீட்டுப் பிள்ளை எந்த விதத்தில் தகுதி குறைந்தது?

இப்பொழுது நம் கடனைச் சொல்லுவோம். சென்ற ஆண்டு நம் கல்வி நிதியிலிருந்து உபகாரச் சம்பளம் வேண்டி வந்த விண்ணப்பங்களுள் ஒன்று இப்படிப்புக்கானது. பக்கத்துக் கிராமத்துத் தறிக்காரர் ஒருவருடைய இரண்டாவது மகள் எழுதியது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மார்க்கு வாங்கிய பெண். நிர்வாக சபையில் நாம் எழுவர் இருந்தோம். "விமானத்துக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ஒருவர். "பெண் பிள்ளைக்கு ஸ்பானர் எதற்கு?" என்றார் மற்றொருவர். எல்லோரும் நகைத்தோம். அவ்வாண்டுத் தொகையில் மிகுந்ததைக் கலியாண மண்டபத்தின் மாடி வேலைக்கு ஒதுக்கித் தீர்மானம் செய்தோம். அத்தீர்மானத்தில் நம் கையெழுத்தும் உண்டு. தகப்பனார் அறைக்கு வெளியே பெஞ்சியில் அமர்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. நகைப்பு அவர் காதில் விழுந்திருக்கும்.

அப்பெண் இப்பொழுது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இரவு முறை வேலைக்குப் போய்வருகிறாள். சில மாதங்களுக்கு முன் நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவள் நம்மிடம் மனத்தாங்கலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். தறிக்குழியின் பக்கத்தில் அலமாரியில் பரீட்சைப் புத்தகங்கள் இரண்டு இருந்தன, சம்பளத்தில் வாங்கினவையாம். அவற்றுள் ஒன்றைப் புரட்டியபோதுதான், துணியைச் சாய்த்து அடுக்கும் அந்தப் படத்தை நாம் முதன்முதல் கண்டோம். அதனை நமக்கு விளக்கியவளும் அவளே. தகப்பனார் தறியை நிறுத்திவிட்டு, தாமும் எட்டிப் பார்த்து, "இது நம்ம சங்கதிதானுங்களே" என்றார். இன்று நாம் உங்களிடம் பேசியதிற் பாதி அவ்வீட்டில் கற்றது.

பெண்ணுக்கு இது புதுமை என்று இன்னும் எண்ணுவோர் இருப்பின், பெங்களூர் அரசாங்க விமானப் பயிற்சிப் பள்ளியில் பயின்ற உஷா சுந்தரம் அம்மையார், 1951-ஆம் ஆண்டிலேயே தம் கணவருடன் இங்கிலாந்திலிருந்து டவ் என்னும் விமானத்தை இந்தியாவுக்கு ஓட்டி வந்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். நம் சங்கம் பிந்தியது எழுபது ஆண்டுகளுக்கும் மேல்.

ஆகவே நம் பிரார்த்தனை இது. மாடி வேலையில் ஓராண்டு தாமதம் ஏற்பட்டால் எந்தக் கலியாணமும் நின்றுவிடாது. கீழ்த்தளத்தில் இருநூறு பேர் அமர்ந்து உண்ணலாம். அத்தொகையில் ஒரு பகுதியை மீண்டும் கல்வி நிதிக்குத் திருப்பி, அப்பெண்ணின் முதலாண்டுச் சம்பளத்தைக் கட்ட வேண்டும் என்று நாம் முன்மொழிகிறோம். சென்ற ஆண்டு கையெழுத்திட்ட எழுவரில் நால்வர் தத்தம் பங்காக ஒரு தொகை தனியே தர இசைந்திருக்கிறோம். மற்ற மூவரையும் வற்புறுத்தவில்லை. பணம் கடனாக அன்று, உபகாரமாகவே கொடுக்கப்பட வேண்டும். உரிமம் கிடைக்காமற் போனாலும் திருப்பிக் கேட்கலாகாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அவளுடைய புதிய விண்ணப்பம் காரியதரிசி அவர்களிடம் இருக்கிறது. தகப்பனார் இன்று வந்திருக்கிறார். கடைசி வரிசையில் தூணோரமாக அமர்ந்திருக்கிறார். அக்கிராசனாதிபதி அவர்கள் தீர்மானத்தை ஓட்டுக்கு விடுமுன் அவரை முன்வரிசைக்கு அழைத்து அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.